ஜன்னலுக்குப் பட்டுப்புடவை எதற்கு?

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டு ஹால் ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள் பார்க்கலாம்.

பூஜை அலமாரி எந்தத் திசை என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். அடுப்பு அக்னி மூலை, பீரோ குபேர மூலை, வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது... எல்லாம் மனப்பாடம். ஜன்னல் என்றால் மட்டும், ‘ம்... அந்த டெய்லர் கடைப் பக்கம்’ என்கிறோம். கிழக்கா மேற்கா தெரியாது. தெரியாமலேயே போன தீபாவளிக்கு அந்த ஜன்னலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி ஸ்கிரீன் போட்டிருக்கிறோம்!

நமக்கு மட்டுமல்ல, விற்கிறவர்களுக்கும் தெரியாது. பாண்டி பஜாரிலோ, லஸ்ஸிலோ, அடையாறிலோ ஒரு ஃபர்னிஷிங் கடைக்குள் நுழைந்து பாருங்கள். முதல் கேள்வி, “சோபா என்ன கலர் மேடம்?” இரண்டாவது கேள்வி, “சுவர் என்ன கலர்?” மூன்றாவது, “பட்ஜெட் எவ்வளவு?” வெயில் எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து வரும், காற்று வருகிற ஜன்னலா, ஒரு கேள்வி கிடையாது. தி.நகர் மண்ணின் குணம் அது. புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடிப் பழகிய ஊர், சோபாவுக்கு மேட்சிங்காக ஜன்னலுக்குத் துணி தேடுகிறது. ஜன்னலை நாம் கல்யாணப் பெண் மாதிரி ஜோடிக்கிறோம். பாவம், அது வாட்ச்மேன்! யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புவது என்பதுதான் அதன் உத்தியோகம்.

இந்த வாட்ச்மேனின் டியூட்டி எங்கே என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். திருடனை கேட்டிலேயே நிறுத்த வேண்டும். ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகு, ‘யாருப்பா நீ?’ என்று கேட்டு என்ன பிரயோஜனம்? கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்குகிற ஸ்கிரீன் செய்வது அதைத்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஸ்கிரீன் மேல் விழுகிறது. வெளிச்சம் மறைந்துவிடுகிறது. சூடு எங்கே போகும்? துணி சூடாகிறது, துணியிலிருந்து அறை சூடாகிறது. வெயிலை உள்ளே விடுகிற அதே கண்ணாடி, சூடான துணியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் திரும்ப வெளியே விடுவதில்லை. வெள்ளை லைனிங் இருந்தால் கொஞ்சம் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும். நாம் ஆசைப்பட்டு வாங்கும் மெரூனும் கருநீலமும் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் நிதானமாகக் கக்கிக்கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் மே மாதம் நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் ஸ்கிரீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள்.

அதாவது, இருட்டையும் காசு கொடுத்து வாங்குகிறோம், சூட்டையும் சேர்த்து வாங்குகிறோம். பட்டப்பகலில் டியூப் லைட் எரிகிறது. ஏ.சி. ஓடுகிறது. ‘என்னமோ இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்!’

வெயில் ஜாஸ்திதான். 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த ஊர் இது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது. புயலுக்கு ஜன்னல் சாத்தத் தெரிந்த நமக்கு வெயிலுக்குச் சாத்தத் தெரியவில்லை.

எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும்? இங்கேதான் அந்தத் திசைப் பரீட்சை வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு நாள், ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு நாள், உச்சிப் பொழுதில் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். சூரியன் நேர் தலைக்கு மேல். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் சூரியன் நாள் முழுக்க நமக்கு வடக்குப் பக்கமாகவே போகிறது. அப்படியென்றால் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் எவ்வளவு? பூஜ்யம். ஒரு கீற்றுகூடக் கிடையாது. அதற்கும் சேர்த்து இரண்டு அடுக்கு கனத்த துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். தென்றலுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் என்ன ஆயிற்று?

வில்லன் மேற்கு. மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் வெயில் படுத்துக்கொண்டு உள்ளே வரும். ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன் ஷேட் இருந்தாலும் அதற்குக் கீழே குனிந்து நுழைந்துவிடும். கிழக்கு ஜன்னலுக்குக் காலையில் மட்டும்தான் இந்த வேலை. மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்துதான் கடற்காற்று வருகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருந்துகொண்டு, மூன்று மணிக்குக் கிழக்கு ஜன்னலை இழுத்துச் சாத்தி ஏ.சி. போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? வங்காள விரிகுடா ஓசியில் அனுப்பும் காற்றை, ‘வேண்டாம், போ’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

மாடவீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். சீக்கிரம் பாருங்கள், அடுத்த வருஷம் இருக்குமா தெரியாது. ஜன்னலுக்கு நாலு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க் கதவைச் சாத்தினால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது. மேல் கதவு திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் வரும். ஒரு ஜன்னல், நாலு விதமாக வேலை செய்தது. வாசலில் திண்ணைக்கு மேலே கூரை இறங்கியிருக்கும். சுவரைத் தொடுவதற்கு முன்பே வெயில் நின்றுவிடும். வெள்ளைக்காரர்களும் மெட்ராஸ் வெயிலில் வெந்த பிறகு இதே பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். தோட்ட வீடுகளைச் சுற்றி வராண்டா, வராண்டாவில் தட்டி, வெட்டிவேர்த் தட்டியின் மேல் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள். (அந்த ஆளின் சம்பளத்தை யாரும் எழுதி வைத்த மாதிரி தெரியவில்லை.) இந்தத் தண்ணீர் வைத்தியம் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். கடற்காற்று வந்து கசகசவென்று ஆன பிறகு தெளித்தால் வீட்டுக்குள் ஈரம்தான் மிச்சம்.

‘பழங்கதை பேசாதே, மாடர்ன் கட்டடத்தில் இதெல்லாம் நடக்குமா?’ என்பவர்கள் ஈ.சி.ஆரில் ஒரு பயணம் போய்விட்டு வரலாம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. 1930-களில் கட்ட ஆரம்பித்தது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர். கட்டட வேலையைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நாகாஷிமா, பின்னாளில் மர நாற்காலிகளுக்காக அமெரிக்காவில் பேர் வாங்கியவர். பணம் ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாக நிஜாமிடமிருந்து வந்தது. பெயர்க் காரணமும் அதுவே. சுத்தமான கான்க்ரீட் கட்டடம். ஆனால், கண்ணாடி ஜன்னல் கிடையாது! வடக்கு, தெற்கு என்று நீளமான இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய பட்டைகள். அறையில் இருப்பவர் தனக்கு வேண்டிய அளவு திருப்பிக்கொள்ளலாம். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும், அடுத்தவர் கண் படாது. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட விடை. நாம் இன்னும் கேள்வியையே படிக்கவில்லை.

இத்தாலிக்காரரும் ஸ்பெயின்காரரும் ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு வைக்கிறார்கள். ஜப்பான்காரர் வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுகிறார். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், வீடுகளுக்கென்று 2018-ல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. சுவரும் ஜன்னலும் சேர்ந்து எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன் ஷேடுக்கு அதில் மார்க் உண்டு. உள்ளே தொங்கும் உங்கள் டிசைனர் ஸ்கிரீனுக்கு? முட்டை!

சரி, வெளியே ஒரு மூங்கில் தட்டி மாட்டலாம் என்று கிளம்புகிறீர்கள். அங்கேதான் இருக்கிறது கச்சேரி. பால்கனியில் ஆணி அடித்த பத்தாவது நிமிஷம் அசோசியேஷன் செகரட்டரி வந்து நிற்பார். “சார், எலிவேஷன் கெட்டுடும். பைலாவுல இடமில்ல.” எலிவேஷன் என்றால் தெருவிலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் முகம். அதைத் தெருவில் போகிறவர் அரை செகண்டு பார்ப்பார். அதற்குப் பின்னால் பகல் முழுக்க உட்கார்ந்து வேகப்போவது ரிட்டயரான அப்பாவும், முழங்கால் வலி அம்மாவும். இதே எலிவேஷனில் ஏ.சி. பெட்டிகள் வரிசையாக முதுகைக் காட்டித் தொங்கலாம், தண்ணீர் சொட்டலாம், டிஷ் ஆன்டெனா முளைக்கலாம். தட்டி மட்டும் அசிங்கம்! தட்டி என்றால் டீக்கடை ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. இது அழகுப் பிரச்னை இல்லை, அந்தஸ்துப் பிரச்னை.

காற்றடித்தால் பிய்ந்து யார் தலையிலாவது விழுமே என்றால், அது நியாயமான பயம். புயல் எச்சரிக்கை வந்தால் சுருட்டிக் கட்ட வேண்டும் என்று விதி போடுங்கள். ஒரே நிறம், ஒரே அளவு என்று தீர்மானம் போடுங்கள். வாடகைக்கு இருப்பவரும் ஆணி அடிக்கலாம் என்று ஹவுஸ் ஓனர்களுக்குச் சொல்லுங்கள். ‘கூடவே கூடாது’ என்பது விதி இல்லை, சோம்பல்.

பில்டர்களை விட்டுவிட முடியுமா? சன் ஷேடைக் குறைத்தார்கள், மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்து அதற்கு ‘வியூ’ என்று பெயர் வைத்தார்கள். வியூ என்ன தெரியுமா? அடுத்த அபார்ட்மென்ட்டின் சமையலறை. நம் ஊரில் முக்கால்வாசி ஸ்கிரீன்கள் வெயிலுக்காகத் தொங்கவில்லை, எதிர் வீட்டுக்காகத்தான் தொங்குகின்றன. எதிர் வீட்டு மாமி தாளிப்பது இங்கே மணக்கிற தூரத்தில் ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ முடியாதுதான். ஆனால், அதற்கு முழு ஜன்னலையும் எதற்காக மூட வேண்டும்? அந்த நாலு கதவு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கம்பி போட்டு, கீழ்ப் பாதிக்கு மட்டும் மெல்லிய பருத்தித் துணி. எழும்பூர் பாந்தியன் ரோடு பக்கம் காட்டன் ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மேல் பாதி சும்மா இருக்கட்டும். பகலில் டியூப் லைட்டுக்கு ஓய்வு.

பிளாக்-அவுட் ஸ்கிரீனே பாவம் என்று சொல்லவில்லை. ராத்திரி முழுக்க ஓ.எம்.ஆரில் வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழு மணிக்குத் தூங்கப் போகும் பையனுக்கு அது வேண்டும். கைக்குழந்தை இருக்கும் அறைக்கு வேண்டும். ஹாலுக்கு எதற்கு? ஹால் என்ன சினிமா தியேட்டரா?

‘அதுதான் ஏ.சி. இருக்கே, இவ்வளவு பேச்சு எதற்கு’ என்பவர்களுக்கு, பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? 1,958 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த மலிவு ரேட்டும் பறிபோய்விடும். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு யூனிட்டைத் தின்ன ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாது. மேற்கு ஜன்னல் நாலு மணிக்கு உள்ளே அனுப்பிய வெயிலை வெளியே தள்ள அந்த ஏ.சி. ராத்திரி ஒன்பது வரை மூச்சு வாங்கும். அதற்கு அப்புறம் கட்டணம் மாறியிருக்கலாம்; வெயில் நுழைகிற வழி மாறவில்லை.

வெளியே மாட்ட இடமே இல்லாதவர்களுக்கு மரம் இருந்தது. மேற்குப் பக்கம் ஒரு வேம்போ புங்கையோ நின்றால் இரண்டு மாடி வரைக்கும் பச்சை ஸ்கிரீன். துவைக்க வேண்டாம், தைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்து தெருத்தெருவாகச் சாய்த்துவிட்டுப் போனது. குல்மோஹரும் தூங்குமூஞ்சியும் விழுந்த இடங்களில் எத்தனையோ தெருக்களில் இன்று கார் நிற்கிறது. மரம் போன ஜன்னலுக்குத்தான் மெரூன் ஸ்கிரீன் வந்தது.

உங்கள் அசோசியேஷனில் இந்த வருஷ ஜெனரல் பாடி மீட்டிங் வரும். தண்ணி லாரி, கார் பார்க்கிங், நாய் சண்டையெல்லாம் முடிந்ததும் அஜெண்டாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘மேற்குப் பக்க வீடுகளுக்கு வெளித் தட்டி.’ செகரட்டரி எதிர்ப்பார். விசாரித்துப் பாருங்கள், அவர் வீடு கிழக்குப் பார்த்து இருக்கும். மீட்டிங்கை ஜில்லென்று ராத்திரி மொட்டை மாடியில் வைக்காதீர்கள். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் நாலு மணிக்கு, மேற்குப் பக்க வீட்டு ஹாலில் வையுங்கள். ஏ.சி.யை ஆஃப் பண்ணிவிட்டு.