குன்னூரில் இறந்த விமானியின் பெயர் தெரியுமா?

2021 டிசம்பர் 8 என்றால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத். அன்றைக்கு அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

விங் கமாண்டர் பிருத்வி சிங் சவுகான். ஆக்ராக்காரர். சூலூரில் இருந்த 109ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் கட்டளை அதிகாரி. பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானி ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங், ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்துக்காரர். எம்.ஐ.-17 வி5 ரக ஹெலிகாப்டர். காலை 11.48க்குச் சூலூரில் கிளம்பி 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குத் தொடர்பு அறுந்தது. 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார். நஞ்சப்பசத்திரம் மக்கள் தண்ணீர்க் குடங்களோடும் கம்பளிகளோடும் தீயை நோக்கி ஓடியது மட்டும்தான் அந்த நாளில் நினைக்கத் தகுந்த ஒரே காட்சி.

இப்போது நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

2022 ஜனவரியில் விமானப்படை முதற்கட்ட முடிவை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, மலையில் மோதியது. "அலட்சியம் இல்லை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகள் அதில் ஒரு பட்டியலாக இருக்கின்றன. குன்னூர் விபத்துக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில், விமானக் குழுவின் மனிதத் தவறு. அவ்வளவுதான். மறுநாள் செய்தித்தாள்களுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது. முதல் அறிக்கையில் இருந்த மேகம், பள்ளத்தாக்கு, மாறிய வானிலை எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோய், செத்துப்போன இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

திசையுணர்வுத் தடுமாற்றம் என்பது குணக்கேடோ திறமைக்குறைவோ அல்ல, தோழர்களே. நம் காதுக்குள் இருக்கும் திரவம்தான் மேல் எது, கீழ் எது என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது அந்தத் திரவம் பொய் சொல்லும். சாய்ந்து பறப்பவருக்கு நேராகப் பறப்பதாகத் தோன்றும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் உடம்பு அப்படித்தான். அதனால் கேள்வி அந்த உடம்பிடம் முடிந்துவிடக் கூடாது. டிசம்பர் மாத நீலகிரியில், ரயில் பாதையை ஒட்டிய அந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போகலாம் என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது? வழியில் வானிலை மாறுகிறது என்று விமானிக்குச் சொல்ல என்ன ஏற்பாடு இருந்தது? நாட்டின் மிகப் பெரிய ராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு போகிறவரால் "இன்றைக்கு முடியாது, திரும்பிவிடுகிறேன்" என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் விசாரணை அறிக்கையில் இருக்கலாம். அதை நாம் படிக்க முடியாது. ராணுவ விசாரணை அறிக்கைகள் வெளியிடப்படுவதில்லை.

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். ஏவுகணையின் எல்லை ரகசியமாக இருக்கட்டும். பர்லியாருக்கு மேலே மேகம் எப்போது இறங்கியது என்பதில் என்ன ரகசியம்? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. அதை வைத்தும் விமானிமேல் பழி போடப் பார்த்தார்கள். ஆனால் அறிக்கை கையில் இருந்ததால், இறந்த விமானியின் தந்தை உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்துக் கேட்க முடிந்தது. ராணுவ விமானியின் வீட்டாருக்கு எதிர்ப்பதற்குக் கூட ஒரு காகிதம் கிடையாது.

இது புதிதல்ல. 2001 செப்டம்பர் 17 இரவு ராஜஸ்தானின் சூரத்கரில் ஃபிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கிலின் மிக்-21 கிளம்பிச் சிறிது நேரத்தில் விழுந்தது. பழி அவர்மேல்தான் போடப்பட்டது. அவருடைய தாய் கவிதா காட்கில் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அதை அகற்ற முடிந்தது. 2006இல் வந்த 'ரங் தே பசந்தி' படத்தைப் பலரும் இந்தக் கதையோடு சேர்த்துப் பேசினார்கள். அந்தப் படத்தைத் தணிக்கைக்கு முன் பாதுகாப்பு அமைச்சரே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது என்பது தனிக் கூத்து.

அபிஜித் காலத்து விமானிகளுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் தெரியுமா? மெதுவான கிரண் விமானத்தில் பழகிவிட்டு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்-21இல் ஏறினார்கள். நடுவில் ஒரு மேம்பட்ட பயிற்சி ஜெட் வேண்டும் என்று லா ஃபோன்டைன் குழு 1982இலேயே சொல்லிவிட்டது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! நடுவில் 1997இல் அப்துல் கலாம் தலைமையிலும் ஒரு குழு போட்டார்கள். 2012 ஏப்ரல் வரை 482 மிக் விபத்துகள், 171 விமானிகளின் மரணம் என்று மாநிலங்களவையில் கணக்குக் கொடுத்தவர் அமைச்சர் ஏ.கே. அந்தோணி. அதே கணக்கில் தரையில் இருந்த 39 பொதுமக்களும் உண்டு. 2023 மே மாதம் ஹனுமான்கரில் மிக்-21 விழுந்தபோது விமானி குதித்துத் தப்பினார். கீழே வீட்டில் இருந்த மூன்று பெண்கள் செத்தார்கள். அந்த விமானத்துக்கு 2025 செப்டம்பரில் சண்டிகரில் கோலாகலமாக விடை கொடுத்தார்கள்.

ராணுவ அதிகாரிக்காக நாம் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். மலக்குழியில் ஒருவர் செத்தால் "சொல்லாமல் இறங்கிட்டான்" என்று ஒப்பந்ததாரர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது நமக்கு. அதே வாக்கியம் சீருடை போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் அடையாளம் தெரியாதா? அந்த விமானியின் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு, கொடி போர்த்திய மரியாதை உண்டு, நம் ஆட்களுக்கு அது எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2005இல் மிக்-21 விபத்தில் காயமடைந்த விங் கமாண்டர் சஞ்சீத் சிங் கைலா, தயாரிப்புக் குறைதான் காரணம் என்று வழக்குப் போட்டார். வேலையின் இயல்பான ஆபத்தையும் தாண்டிய ஆபத்தில் ஒருவரைத் தள்ளுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லி, 55 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்து முழுதாகப் படியுங்கள். போர் விமானிக்குப் பொருந்தும் அந்த வாதம் மலக்குழிக்குப் பொருந்தாது என்று எந்த நீதிபதி சொல்வார், பார்க்கலாம்.

சவுகான் தவறே செய்திருக்க மாட்டார் என்று நான் வாதாடவில்லை. செய்திருக்கலாம். எந்தச் சூழலில், யார் கொடுத்த தகவலை நம்பி, என்ன கருவியை வைத்துக்கொண்டு என்பதைச் சொல்லாமல் தவறு என்று மட்டும் எழுதிவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்த டிசம்பர் 8க்கும் மாலை போடுவார்கள். அதற்கு முன் நீலகிரி, கோவை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம். விசாரணைக் குழு விமானப்படைத் தலைமைத் தளபதிக்குக் கொடுத்த பரிந்துரைகள் என்ன, அவற்றில் எத்தனை நிறைவேறின, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு இன்றைக்குப் பறக்கிற விமானிக்கு வழியில் மேகம் இறங்குவதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த மூன்றையும் அவர்கள் அவையில் கேட்கட்டும்.