தெருவில் கிடந்த ஆட்டுக்கல்

அல்சூரிலிருந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் காலை டூட்டிக்கு நடந்தே போகிறவன் நான். வழியில் தெருவோரம் கிடக்கும் வீட்டுச் சாமான்களை செல்போனில் படம் எடுப்பது என் பழக்கம். முதுகு ஒடிந்த நாற்காலி, பஞ்சு பிதுங்கிய மெத்தை, மூடி போன தகரப் பெட்டி. அரச மரத்தடியில் கண்ணாடி உடைந்த சாமி படங்கள். குப்பையில் போட மனம் வராமல் யாரோ வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். கண்காட்சி போலவே இருக்கும்.

"குப்பையைப் போய்ப் படம் எடுக்கிறாயே!" என்று சக குமாஸ்தாக்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் பொறுக்கி வந்து, 1957 முதல் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் சிலைகள் செய்தார். இடமோ அரசாங்க நிலம்! விஷயம் வெளியே வந்தபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்து விட்டார்கள். அதுதான் ராக் கார்டன். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

நான் கலைஞன் அல்ல. என் காரணம் வேறு.

வாடகை வீடு மாறியபோது ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தோம். புது வீடு இரண்டாவது மாடி. கல்லை ஏற்றக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து, பழைய தெருவில் சாக்கடை ஓரம் ஓர் ஆட்டுக்கல்லைப் பார்த்துப் படம் எடுத்தேன். அம்மாவிடம் காட்டினேன். விளிம்பில் உடைந்திருந்த இடத்தை விரலால் தொட்டு, "இது நம்ம கல்லுடா. தர்மபுரியிலேருந்து லாரியில வந்தது" என்றார். பிறகு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியோடு போனேன். கல் அங்கே இல்லை. படம்தான் மிச்சம்.

பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊரில் பாட்டன் வீடு கிடையாது. அவன் வாழ்ந்ததற்கு இந்தச் சாமான்கள்தான் சாட்சி.

அதற்காகத் தெருவில் போடுவது நியாயமாகி விடாது. பெங்களூர் குப்பை தங்கள் ஊரில் மலையாகக் குவிந்ததை எதிர்த்து மண்டூர் மக்கள் 2014-ல் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவில்தான் அங்கே கொட்டுவது நின்றது. நாம் எறிவதெல்லாம் ஏதோ ஒரு கிராமத்தின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, எறியும் முன் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பழைய சாமான்காரரைக் கூப்பிடுங்கள். ஒருவருக்கும் வேண்டாமென்றால் ஒரு படமாவது எடுத்து, அதில் யார் மாவு அரைத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கல் போனாலும் கதை நிற்கட்டும்.