வளைவு வருமுன் சொல்லுங்கள்!

சகோதரிகளே, வண்டி ஓட்டுகிற விஷயத்தில் நமக்கென்ன வேலை என்று நினைக்காதீர்கள். இன்று எங்கள் தென்னேரிப் பக்கம் வாலாஜாபாத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக, பாதிப் பேர் தாங்களே ஸ்கூட்டர் ஓட்டுகிறோம். மீதிப் பேர் பின்சீட்டில், மடியில் பிள்ளையும் கையில் பையுமாக உட்கார்ந்து போகிறோம். வண்டி சறுக்கினால் முதலில் விழுவது நாம்தான்.

நேர் ரோட்டில் சாதுவாகத் தெரியும் வேகம், திருப்பத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். திரும்பாமல் நேரே போகத்தான் வண்டி பார்க்கும். அதை இழுத்துப் பிடித்துத் திருப்புவது டயர் மட்டுமே. வேகம் இரண்டு மடங்கானால் டயருக்கு வேண்டிய பிடி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! 20 கிலோமீட்டரில் திரும்பிய அதே திருப்பத்தில் 60-ல் திரும்பினால் ஒன்பது மடங்கு. அவ்வளவு பிடிக்கு டயர் எங்கே போகும்?

அதிலும் அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். ஜல்லி லாரி சிந்திய மணல் ஓரமெல்லாம் இருக்கும். மழைத் தூறல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இங்கெல்லாம் டயரின் பிடி குறைந்துவிடும்.

ஆகவே, வேகத்தைக் குறைக்க வேண்டியது வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் போன பிறகு திடீரென்று பிரேக் போட்டால், திருப்புவதற்கு வேண்டிய பிடியை பிரேக் பிடுங்கிக்கொள்ளும், வண்டி சறுக்கும். எதிரே வருவது தெரியாத முனையில், தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். திரும்பி முடித்து, வண்டி நிமிர்ந்த பிறகு வேகம் எடுக்கலாம்.

பின்சீட்டில் இருப்பவர்களுக்கு:

• முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். வண்டி சாயும் பக்கமே உடம்பும் சாயட்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாயாதீர்கள்.

• முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. அழகுக்கு என்று அதைக் கழற்ற விடாதீர்கள்.

• 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 2022-ல் அறிவித்த விதி இது. 40 என்பது மேல் எல்லைதான். திருப்பத்துக்கு அதுவும் அதிகம்.

• ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். வேகமாகத் திரும்பினால் கவிழ்வது சுலபம். ஆள் நிறைய ஏறினால் இன்னும் சுலபம்.

• லாரியும் பஸ்ஸும் திரும்பும்போது பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். முனையில் நிற்கும் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, திருப்பம் வருது, மெதுவாப் போங்க" என்று சொல்ல வெட்கம் வேண்டாம். "நச்சரிக்கிறா" என்றால் என்றுவிட்டுப் போகட்டும். சொல்வதை மட்டும் வளைவுக்கு முன்பே சொல்லுங்கள். வளைவுக்குள் போய்க் கத்தினால், அவரும் அங்கேதான் பிரேக்கை மிதிப்பார்.