கசியட்டும் விடுங்க

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு கால்வாயில 100 லிட்டர் தண்ணி விடுறோம். வயலுக்கு 60 லிட்டர்தான் வந்து சேருது. மீதி 40 லிட்டர் என்ன ஆச்சு?

சிவில் பசங்க யோசிக்காம "லாஸ்"னு எழுதிடுவீங்க. கன்வேயன்ஸ் எஃபிஷியன்சி 60 சதவீதம், கான்க்ரீட் லைனிங் போடணும், முடிஞ்சா பைப்பே போட்டுடணும். ரெண்டு மார்க் கேள்விக்கு அந்தப் பதில் போதும். ஆனா தெற்கு ஸ்பெயினில் ஒரு மலைக்கிராமத்தைச் சுத்தி இருக்கிற நடைபாதைகளுக்கு அந்தப் பதில் ஒத்துவராது. ட்ரெக்கிங் வீடியோக்களில் நிறைய பேர் பார்த்திருக்கக்கூடிய பாதைகள்தான். அங்கே உண்மையில என்ன நடக்குதுன்னு யாரும் பெருசா பேசுறதில்லை. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மேப்பைத் திறந்து என்கூட வாங்க. ஸ்பெயினின் தெற்கே கிரனடா நகரம். அதுக்குத் தென்கிழக்கே சியெரா நெவாடா மலைத்தொடர். அதில் உள்ள முலாசென் சிகரம் 3,479 மீட்டர் உயரம். ஸ்பெயின், போர்ச்சுகல் ரெண்டும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்திலேயே இதுதான் உயர்ந்தது. மலையோட தெற்குச் சரிவுக்குப் பேரு அல்புஹாரா. அங்கே போகேய்ராங்கிற ஆழமான பள்ளத்தாக்கில் மூணு வெள்ளைக் கிராமங்கள் படிப்படியா ஒட்டிக்கிட்டிருக்கு. கீழே பம்பனேய்ரா, நடுவில் புபியோன், மேலே சுமார் 1,430 மீட்டரில் கபிலேய்ரா. வீடுகளுக்குத் தட்டையான மண் கூரை, அதுக்கு மேல உருண்டையான புகைபோக்கி. நான் இன்னும் அங்கே போனதில்லை. நீர்ப்பாசன எலெக்டிவுக்காகப் படிக்க ஆரம்பிச்சு, மேப்பிலேயே இந்தப் பள்ளத்தாக்கைப் பல தடவை சுத்தி வந்திருக்கேன்.

கபிலேய்ராவைச் சுத்தி எல்லா அளவிலும் பாதை இருக்கு. வெள்ளை-சிவப்புக் கோடு பெயின்ட் அடிச்சிருந்தா அது நெடுந்தூரப் பாதை. வெள்ளை-மஞ்சள்னா ஒரு நாளிலோ ரெண்டு நாளிலோ முடிக்கிற பாதை. வெள்ளை-பச்சைன்னா 10 கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும். ஜிஆர் 7 என்ற நெடும்பாதை பம்பனேய்ரா, புபியோன் வழியா போகுது. மலைத்தொடரையே ஒரு சுத்து சுத்தி வர்ற சுலைர் பாதை சுமார் 300 கிலோமீட்டர். அவ்வளவு தெம்பு இல்லையா? பள்ளத்தாக்குக்குள்ளேயே நடந்து லா செபாடியா வரை போயிட்டு வரலாம். மின் நிலைய வேலைக்காரங்களுக்காகக் கட்டி, இப்போ காலியா கிடக்கிற ஒரு குட்டி ஊர் அது.

இந்தப் பாதைகளில் பல இடங்களில் ஒரு விஷயம் கவனிக்கலாம். செங்குத்தான மலையில திடீர்னு பாதை சமமாயிடும். மூச்சு வாங்காம கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம். அதுக்குக் காரணம் பாதைக்குப் பக்கத்துலயே ஓடுற ஒரு வாய்க்கால். தண்ணி ஓட லேசான சரிவு போதும். சரிவு கூடினா மண்ணை அரிச்சிடும். அதனால வாய்க்காலை மலையின் கான்டூரை ஒட்டியே வெட்டியிருக்காங்க. அதைப் பார்த்துக்க ஒருத்தர் தினமும் நடக்கணும் இல்லையா? அவர் நடந்த தடம்தான் பாதை. ட்ரெக்கிங் பண்றவங்களுக்காக யாரும் அதைப் போடலை.

அந்த வாய்க்காலுக்குப் பேரு அசெகியா. அரபு மொழியிலிருந்து வந்த வார்த்தை. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் அங்கே குடியேறினவங்க இந்த அமைப்பை மலை முழுக்க விரிச்சாங்க. 1492-ல் கிரனடா வீழ்ந்தது. 1568-ல் அல்புஹாராவில் பெரிய கிளர்ச்சி. அது அடக்கப்பட்டதும் அந்த மக்களை ஊரை விட்டே துரத்தினாங்க. வடக்கிலிருந்து வேற ஆட்களைக் கூட்டிட்டு வந்து குடியேத்தினாங்க. வந்தவங்க பேசின மொழி வேற, கும்பிட்ட சாமி வேற. ஆனா வாய்க்காலை மட்டும் அப்படியே வச்சுக்கிட்டாங்க, அரபுப் பேரோட சேர்த்து. அது இல்லாம அந்தச் சரிவில் ஒரு மூட்டை தானியம்கூட எடுக்க முடியாதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

இப்போ நம்ம 40 லிட்டருக்கு வருவோம். இந்த மலையில கரேயோன்னு ஒரு முறை இருக்கு. வசந்த காலத்தில் பனி உருகி ஒரே நேரத்தில் தண்ணி கொட்டும். வயலுக்கு அவசரத் தேவை அப்போ இல்லை, கோடையிலதான். அணை கட்டிச் சேமிக்கிற அளவுக்கு அன்னைக்கு வசதியும் இல்லை. அதனால மலை உச்சிக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் வெட்டி, உருகின தண்ணியை உறிஞ்சக்கூடிய நிலத்துக்குக் கொண்டுபோய் வேணும்னே விட்டுடுவாங்க. அது சிதைஞ்ச பாறைக்குள்ள இறங்கி மெதுவா நகரும். வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கழிச்சு, கீழே ஊர் ஊற்றுல வெளியே வரும். மலையையே டேங்கா பயன்படுத்தியிருக்காங்க. சும்மா பாசனத்துக்குன்னு போற அசெகியாவும் மண் வாய்க்கால்தான். வழியெல்லாம் கசியும். வாய்க்கால் ஓரமா வரிசையா நிக்கிற செஸ்ட்நட் மரங்கள் அந்தக் கசிவுலதான் உயிர் வாழுது.

கசிவை நாம லாஸ் கணக்கில் எழுதுறோம். அந்த ஊர்ல அதுதான் கோடைக்கான சேமிப்பு. நம்ம ஃபார்முலாவில் தப்பில்லை. அது வயல் வரைக்கும்தான் அளக்குது. ஊற்று, மரம், நிழல், நடக்கிற பாதை எதுவும் அதுக்குள்ள வராது.

இதுல இப்போ என்ன பிரச்சினைன்னு கேக்கலாம். ஆள் இல்லை. 1950-களுக்கு அப்புறம் ஸ்பெயின் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானவங்க நகரங்களுக்குப் போயிட்டாங்க. காலியாக்கப்பட்ட ஸ்பெயின்னு அதுக்கு ஒரு பேரே வச்சு, 2019 மார்ச்சில் தலைநகர் மாட்ரிட்டில் பெரிய பேரணி நடத்தினாங்க. அசெகியாவை வருஷா வருஷம் தூர் வாரணும். சரிஞ்ச கல்லை எடுக்கணும், வேரை வெட்டணும், மதகைத் திறந்து மூடணும். இதையெல்லாம் பார்த்துக்கிறவரை அசெகியேரோன்னு கூப்பிடுவாங்க. அவருக்கு வயசாகி, மகன் பார்சிலோனாவில் வேலை பார்த்தா, அந்த வாய்க்கால் என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

அப்போதான் பைப் உள்ளே வருது. பைப் போடணும்னு சொல்றவங்களை வில்லன்னு நான் சொல்ல மாட்டேன். வறட்சி வருஷத்தில் கீழ்க்கோடியில நிலம் வச்சிருக்கிற விவசாயிக்கு ஒவ்வொரு லிட்டரும் முக்கியம். தூர் வார ஆள் கிடைக்காத ஊர்ல, திருகினா தண்ணி வர்ற ஒரு வால்வு பெரிய நிம்மதி. அவர்கிட்ட போய் "பாரம்பரியம், அழகு"ன்னு பேசினா, மண்வெட்டியை நம்ம கையில கொடுத்து "வா, நீயே வாரு"ன்னுதான் சொல்வார். அவர் சொல்றதும் நியாயம்தான்.

ஆனா பைப் போட்ட பிறகு நடக்கிறதையும் கணக்குல எடுக்கணும். தண்ணி மண்ணைத் தொடாது. வாய்க்கால் ஓர மரங்களுக்கு இருந்த ஈரம் போயிடும். கீழே உள்ள ஊற்றுக்கு வரவு குறையும். அந்த ஊற்றை நம்பியிருந்தது வேற ஊர், வேற தோட்டம். ஒருத்தரோட எஃபிஷியன்சி ஏறும்போது இன்னொருத்தர் கிணறு இறங்கும். அப்புறம் பார்த்துக்க ஆள் நடக்க வேண்டிய அவசியமே இல்லாததால பாதையில முள் மூடும். பெயின்ட் கோடு மட்டும் பாறையில மிச்சமிருக்கும்.

அதனால என் கருத்து இதுதான். அந்தப் பள்ளத்தாக்குல நடைபாதைக்குன்னு ஒரு பணம் வந்தா, அது முதல்ல போக வேண்டியது அறிவிப்புப் பலகைக்கும் வியூ பாயின்டுக்கும் இல்லை, அசெகியாவைத் தூர் வார்றவங்க சம்பளத்துக்குத்தான். வாய்க்கால் ஓடினா பாதை தானா இருக்கும். பாதைக்கு மட்டும் செலவு பண்ணினா வாய்க்கால் திரும்பி வராது. 1999-லிருந்து அந்த மலை தேசியப் பூங்கா. இயற்கைன்னு நினைச்சு நாம பாதுகாக்கிற பச்சையில ஒரு பங்கு, ஆயிரம் வருஷமா மனுஷங்க மண்வெட்டியால உருவாக்கினது. மனுஷங்களை வெளியே வச்சு அதை மட்டும் பாதுகாக்க முடியாது.

இது வெறும் ஆசை இல்லை. கிரனடா பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் 2014-லிருந்து மாணவர்களையும் தன்னார்வலர்களையும் கூட்டிட்டுப் போய், வருஷக்கணக்கா மூடிக்கிடந்த அசெகியாக்களை ஊர்க்காரங்களோட சேர்ந்து தோண்டித் திறக்கிறாங்க. நம்ம வயசுப் பசங்க தலையில ஹெல்மெட், கையில மண்வெட்டியோட வேலை பார்க்கிறாங்க. முடிவுல ஒரு வாய்க்காலில் மறுபடியும் தண்ணி வருது. ஆனா வாரக்கடைசித் தன்னார்வலர்களை வச்சு எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? தினமும் நடக்கிற ஒருத்தருக்கு மாசச் சம்பளம் கொடுத்தாதான் அது நிக்கும்.

நம்மில் சிலர் எம்எஸ் படிக்க ஐரோப்பா போவீங்க. லீவுல மலையேறுவீங்க. கபிலேய்ராவுக்கும் போகலாம். போனா ஒண்ணு மட்டும் செய்யுங்க. பாதை சமமா ஆகிற இடத்தில் காதுல இருக்கிற இயர்பட்ஸைக் கழட்டுங்க. பக்கத்துல தண்ணிச் சத்தம் கேக்குதா பாருங்க. மதகில் கைவைக்காதீங்க, கரையை மிதிச்சு உடைக்காதீங்க. ஊர்ல ஒரு ராத்திரி தங்கி, காசை அங்கேயே செலவு பண்ணுங்க.

போகாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. நாளைக்கு நீங்க எங்கேயோ ஒரு கன்சல்டன்சியில உட்கார்ந்து ஒரு பழைய கால்வாய்க்கு லைனிங் எஸ்டிமேட் போடப்போறீங்க. சேமிக்கிற தண்ணிக்கு ஒரு காலம் போடுவீங்க. அதுக்குப் பக்கத்துல இன்னொரு காலம் போடுங்க: இப்போ கசியுற தண்ணி எந்தக் கிணத்துக்கு, எந்த மரத்துக்கு, யார் வீட்டுக்குப் போகுது? நேர்ல போய் நடந்து பார்த்து அதை நிரப்புங்க. அதுக்கப்புறமும் பைப்தான் சரின்னு தோணினா, தாராளமா போடுங்க.