தொட்டி முதலில்... மீன் அப்புறம்!

பரீட்சை முடிந்ததும் மீன் தொட்டி வாங்கித் தருவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா? தொட்டியையும் தங்கமீனையும் ஒரே நாளில் வாங்கி வராதீர்கள். புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமல்ல, அம்மோனியாதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பெருக, 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம்.

அதனால், குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, இரவு பகலாக ஃபில்டரை ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கியதை டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகு, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடுங்கள். முதலில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

இரண்டு தங்கமீன்களுக்கு 80 லிட்டர் தொட்டியாவது வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் போதாது. ஹீட்டர் தேவையில்லை. வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெந்நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், கோடையில் ஏர் பம்ப் அவசியம்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

நன்றாகப் பராமரித்தால் தங்கமீன் 10 வருடங்களுக்கு மேல்கூட வாழும். அதற்காக ஆறு வாரம் காத்திருக்கலாமே!