பங்காளிகளின் கோப்பை!

உலகக் கோப்பை கால்பந்து நடக்கிற மாதத்தில் எங்கள் அனுமந்தைப் பக்கம் வந்து பாருங்கள். டோல்கேட்டைத் தாண்டி எந்தக் குப்பத்துக்குள் திரும்பினாலும் மெஸ்ஸி சட்டையில் ஒரு பையனும் ரொனால்டோ சட்டையில் இன்னொரு பையனும் நிற்பார்கள். அர்ஜென்டினா ஜெயித்தால் ராத்திரி ஒரு மணிக்கும் வெடிச் சத்தம் கேட்கும். அதே பசங்களிடம், "நம்ம பக்கத்து நாடுகளோட இந்தியா ஆடுற கோப்பைக்குப் பேரு என்ன?" என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களுக்கே தெரியாது.

அதன் பெயர் சாஃப் கோப்பை. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் ஆடுகிற கால்பந்துத் தொடர். உலகக் கோப்பையை ஊர்த் திருவிழா என்றால், இது பங்காளிகள் கூடும் குலதெய்வப் படையல். கூட்டம் குறைவு. ஆனால், யாருக்கு முதல் மரியாதை என்பதில் சண்டை மட்டும் குறையாது! இந்தச் சின்னக் கோப்பைக்கும் நம் கடற்கரைப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

சோப்பு கம்பெனி கொடுத்த கோப்பை

பக்கத்து நாடுகள் சேர்ந்து கோப்பை நடத்தும் வழக்கத்துக்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட நூறு வயது. 1926-ல் கென்யாவும் உகாண்டாவும் ஒரு கோப்பைக்காக மோதின. கோப்பையைக் கொடுத்தது காஸேஜ் என்ற ஆங்கிலேய சோப்பு கம்பெனி. அதனால் அதன் பெயரே காஸேஜ் கோப்பை. இரண்டு நாடுகளும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. பிறகு தாங்கனீக்காவும் சான்சிபாரும் சேர்ந்துகொண்டன. அந்த இரண்டும் இணைந்துதான் இன்றைய தான்சானியா.

விடுதலை வந்தது, கொடிகள் மாறின, கோப்பையின் பெயரும் மாறியது. 1973 முதல் அது செகாஃபா கோப்பை. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பிராந்தியத் தொடர் இதுதான். அதிக முறை ஜெயித்த நாடு உகாண்டா. உலகக் கோப்பைப் போட்டிக்கு ஒரு முறைகூடத் தகுதி பெறாத நாடு அது. ஆனால், அக்கம்பக்கத்தில் அதுதான் ராஜா. அந்தப் பெருமையைக் கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக் கோப்பை தேவைப்பட்டது.

நம் வீட்டுக் கதை

நம் பக்கத்தில் இந்தக் கதை 1952-ல் தொடங்குகிறது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, சிலோன் என நான்கு நாடுகள் கொழும்பில் கூடி ஆடின. பிரிவினை நடந்து ஐந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்த முதல் கோப்பையை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஊர் ஊராகப் போன அந்தத் தொடர், 1955-க்குப் பிறகு நின்றுபோனது.

மறுபடி பங்காளிகள் கூடக் கிட்டத்தட்ட நாற்பது வருடங்கள் ஆயின. 1993-ல் லாகூரில் புதிய தொடர் தொடங்கியது. அதுதான் வளர்ந்து சாஃப் கோப்பை ஆனது. 2023 வரை நடந்த 14 தொடர்களில் இந்தியாவுக்கு 9 கோப்பைகள். மீதி ஐந்தைப் பாருங்கள், அங்கேதான் சுவாரஸ்யம். 1995-ல் கொழும்பில் இலங்கை ஜெயித்தது. 2003-ல் வங்கதேசம். 2008-லும் 2018-லும் மாலத்தீவு. சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம், 140 கோடி பேரின் அணியை இரண்டு ஃபைனல்களிலும் வீழ்த்தியது. 2013-ல் போரில் நொந்துபோயிருந்த ஆப்கானிஸ்தான் காத்மாண்டுவில் இந்தியாவை 2-0 என ஜெயித்தது.

கடைசியாக ஆண்கள் தொடர் நடந்தது 2023-ல், நம் பக்கத்துப் பெங்களூரில். விசா தாமதமானதால் பாகிஸ்தான் வீரர்கள் முதல் ஆட்டத்தன்றுதான் வந்து இறங்கினார்கள். அன்றைக்கே களத்திலும் இறங்கினார்கள். சுனில் சேத்ரி மூன்று கோல் போட, இந்தியா 4-0 என வென்றது. இலங்கை வரவே இல்லை. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தை ஃபிஃபா தடை செய்திருந்தது. பங்காளிகள் கூடுகிற இடத்தில் வரப்புத் தகராறும் கூடவே வரும்தானே?

கடலூரிலிருந்து ஒரு நடுக்கள வீராங்கனை

இதெல்லாம் ஆண்கள் கதை. இனி சொல்லப்போவதுதான் நமக்கு நெருக்கம்.

பெண்களுக்கான சாஃப் கோப்பை 2010-ல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கியது. 2010, 2012, 2014, 2016, 2019 என முதல் ஐந்து தொடர்களையும் இந்தியாதான் ஜெயித்தது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4-0 என நொறுக்கியது. அந்த நான்கில் இரண்டு கோல்களைப் போட்டவர் இந்துமதி கதிரேசன். ஊர், கடலூர்.

கடலூர் எங்களுக்குத் தூரமில்லை. புதுச்சேரியில் பஸ் மாறினால் போய்விடலாம். அதே வங்கக் கடல், அதே உப்புக் காற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தது எங்கள் கரையையும்தான், அவர்கள் கரையையும்தான். அந்தப் பேரலையில் எல்லாம் இழந்த சிறுமிகளுக்காகக் கடலூரில் இருந்த அரசு இல்லத்தில், பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமி வளர்ந்தது இப்படித்தான். அந்த அணி தேசிய அளவிலான இந்திய மகளிர் லீக் வரைக்கும் போய் ஆடியது.

2018-ல் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்து ஃபைனலில், பெண்கள் கால்பந்தின் கோட்டையான மணிப்பூரை 2-1 எனத் தோற்கடித்துத் தமிழ்நாடு சாம்பியன் ஆனது. இந்துமதி அந்த அணியிலும் இருந்தார். இன்று அவர் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

எல்லையோர கிராமம் எழுந்த கதை

2019-ல் 4-0 என நொறுங்கிய வங்கதேசம் என்ன ஆனது?

மூன்றே வருடங்கள். 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் அதே வங்கதேசம் இந்தியாவை 3-0 என ஜெயித்தது. பெண்கள் சாஃப் தொடரில் இந்தியா தோற்ற முதல் ஆட்டம் அது. ஃபைனலில் நேபாளத்தை 3-1 என வென்று கோப்பையை எடுத்தார்கள். ஊர் திரும்பியபோது டாக்கா தெருக்களில் கூரை திறந்த பஸ்ஸில் ஊர்வலம். 2024-லும் கோப்பை அவர்களுக்கே. இந்தியா இரண்டு முறையும் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்று வெளியேறியது.

அந்த அணியில் பலர் ஒரே ஊர்ப் பெண்கள் என்பதுதான் ஆச்சர்யம். மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயா எல்லைக்குப் பக்கத்தில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். 2011-ல் வங்கதேச அரசு தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்காக நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. கல்சிந்தூர் அரசுத் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள் அதில் ஜெயித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பள்ளிக்கூட ஆட்டம், வயது வாரியான அணிகள், பிறகு சாஃப் என்று படிப்படியாக ஏறினார்கள். சஞ்சிதா, மரியா மாண்டா, தஹுரா என்று அந்த ஊர்ப் பெயர்கள் நாட்டின் பெயர்களாகிவிட்டன.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜனவரியில் அதே வங்கதேசத்தின் ஜெய்ப்பூர்ஹாட்டில், பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று ஒரு கூட்டம் மைதானத்து வேலியைப் பிய்த்து எறிந்தது. ஆட்டம் ரத்தானது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலையில் வங்கதேசப் பெண்கள் மியான்மர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என ஜெயித்து, முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோல்களையும் போட்டவர் ரிதுபர்ணா சக்மா, மலைப் பகுதியான ராங்கமாட்டிப் பெண். பிய்த்து எறிந்த வேலிக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

அதே வாரத்தில் இந்தியப் பெண்களும் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வளர்ந்தால் நமக்கு நஷ்டமில்லை. நாமும் எட்டி நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாத்தி பாத்தியாக

எங்கள் பக்கத்து மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். உவர்நீரை இறைத்துக் கொட்டியவுடன் உப்பு வந்துவிடாது. முதலில் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, அடுத்த பாத்திக்குத் திருப்பி, இன்னும் கெட்டிப்படுத்தி, கடைசிப் பாத்திக்கு விட்டால்தான் உப்பு பூக்கும். நடுவில் ஒரு பாத்தியை விட்டுவிட்டால் காரியம் கெட்டது.

விளையாட்டும் அப்படியே. பள்ளி ஆட்டம் முதல் பாத்தி. மாவட்டமும் மாநிலமும் அடுத்தவை. உலகக் கோப்பை கடைசி. நாட்டுக்காக ஆடும் முதல் வெயில் படுவது நடுவில் இருக்கும் சாஃப் போன்ற பாத்தியில்தான். பலம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் பக்கத்து நாட்டுக்காரரோடு மோதித்தான் ஒரு பெண் தேசியச் சீருடையின் கனத்தைப் பழகுகிறாள். நேராகப் பிரேசிலோடு மோதவிட்டால், கற்றுக்கொள்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இப்படிப்பட்ட கோப்பைகளை 'சின்னத் தொடர்' என்று ஒதுக்குவது, நடுப் பாத்தியை மண் போட்டு மூடுவதற்குச் சமம்.

முதல் பாத்தியோ நம் கையிலேயே இருக்கிறது. அங்கேதான் நீர் நின்றுபோகிறது. எட்டாவது வரைக்கும் பையன்களோடு சரிக்குச் சரியாக ஓடிய பெண், வயதுக்கு வந்தவுடன் மைதானத்திலிருந்து காணாமல் போகிறாள். "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டா ஓடுவ?", "வெளியூர் மேட்ச்சுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?", "நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேணாமா?" இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். விடியலில் மீன் கூடை தூக்கி, வெயிலில் உப்புச் சுமந்து பிள்ளையை வளர்க்கும் அம்மாவுக்கு அந்தப் பயம் வருவது இயல்புதான்.

அந்த அம்மாக்களுக்காகச் சில தகவல்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கலாம். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒருமுறை போய், "எம் பொண்ணு நல்லா ஓடுறா சார், எதுல சேக்கலாம்?" என்று கேட்டாலே பாதி வழி திறந்துவிடும்.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தங்கச்சி பந்தோடு வந்து நின்றால், "நீ போய் ஓரமா உக்காரு" என்று சொல்லாதீர்கள். கோல்போஸ்ட்டில் நிற்கவைத்துக் காலத்தை ஓட்டவும் வேண்டாம். நடுக்களத்தில் ஆட விடுங்கள். இந்துமதி ஆடும் இடம் அதுதான்.

அடுத்த முறை சாஃப் தொடர் வரும்போது, ஆண்களோ பெண்களோ, ஒரு ஆட்டமாவது போனில் போட்டு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். மாலத்தீவு கோல் போட்டாலும் திட்டிக்கொண்டே கைதட்டுங்கள். என்ன இருந்தாலும் பங்காளி!