பெட்டிச் சாவி யார் யாரிடம்?

வீட்டு பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அடுப்படியிலிருந்தபடியே பதில் சொல்லி விடுவீர்கள். கணக்கையும் புகைப்படங்களையும் பூட்டி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் சாவி யார் யாரிடம் என்று கேட்டால்? "அதெல்லாம் பையனுக்குத்தான் தெரியும்" என்று நழுவி விடுகிறோம், அல்லவா?

விசைத்தறிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் சேலை வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை மூலையில் ஒரு சேமிப்புப் பெட்டி. வெளியூர்ப் பாக்கி, தறிக்காரர் கூலி, புது டிசைன்கள் எல்லாம் அதற்குள்ளே. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி எழுதிக் கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஆகவே 'கணக்கு', 'டிசைன்' என்று குழுக்களை வகுத்து, ஆளை அதிலே சேர்த்து விடுகிறார்கள். ஒருவரே இரண்டு குழுவிலும் இருக்கலாம். சங்கரநாராயணர் ஊரில் இதைப் போய் விளக்குவானேன்! ஒரே சுவாமி, சைவர்களுக்கும் சொந்தம், வைணவர்களுக்கும் சொந்தம்.

இத்தகைய பெட்டிகள் பலவற்றை நடத்துவது 1991-ல் பிறந்த லினக்ஸ். நிர்வாகியின் பெயரில் உள்ளே போய்க் கறுப்புத் திரையைத் திறந்து, ஜி, ஈ, டி, ஈ, என், டி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, 'குரூப்' என்று சேர்த்துத் தட்டுங்கள். வரிக்கு ஒரு குழுவாக வந்து நிற்கும். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளி இட்டுப் பிரித்த நான்கு பகுதிகள் உண்டு. முதலில் குழுவின் பெயர், இரண்டாவதை விட்டுவிடலாம், மூன்றாவது குழுவின் எண், நான்காவது உறுப்பினர் பெயர்கள்.

"பெயர் இல்லை, ஆகவே அனுமதியும் இல்லை" என்று நிம்மதியாகத் திரையை மூடிவிடாதீர்கள். சங்கதியே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் முதன்மைக் குழு என்று ஒன்று உண்டு. அது எழுதப்பட்டிருப்பது 'பாஸ்வட்' என்னும் வேறொரு பட்டியலில். போன வருஷம் வேலையை விட்டுப் போன குமாஸ்தாவுக்கு 'கணக்கு'தான் முதன்மைக் குழு என்றால், குழுப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அவருடைய கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் உயிரோடு இருக்கும்வரை உங்கள் பேரேட்டை அவர் படிக்கலாம்!

பரிகாரம் சுலபம். முதல் கட்டளையில் 'குரூப்' என்ற இடத்தில் 'பாஸ்வட்' என்று மாற்றித் தட்டினால் எல்லாப் பெயர்களும் வரும். வரியின் நான்காவது பகுதியில் இருப்பது முதன்மைக் குழுவின் எண். ஒருவரைப் பற்றி மட்டும் அறிய வேண்டுமானால் 'ஐடி' என்று தட்டி, இடம் விட்டு, அவர் பெயரைத் தட்டினால் போதும். அவர் இருக்கும் குழுக்கள் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்.

வேலையை விட்டு ஒருவர் போனால், குழுவிலிருந்து பெயரை அடித்தால் மட்டும் போதாது. அவர் கணக்கையே அன்றைக்கே முடக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஆடித் தபசுக்கு வீட்டை ஒழிக்கும்போது, இரண்டு பட்டியலையும் பையனை எடுத்துத் தரச் சொல்லி நீங்களே வாசித்துப் பாருங்கள். கடைக்கு வந்தவர் யார், போனவர் யார் என்பது உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?